அப்டேட்: தூயமல்லில நெட்டையா நின்ன பயிர் என்னன்னு தெரிஞ்சுடுச்சு

மன்னார்குடி பக்கம் எங்க தூயமல்லி (பாரம்பரிய நெல் ரகம்) வயல்ல அங்கங்க சில பயிர் மட்டும் தலைக்கு மேல நெட்டையா நிக்குதுன்னு கேட்டிருந்தேன்ல, அது கலவன்தாங்க, அதாவது விதையோட கலந்து வந்த வேற ரக நெல்லு. மத்ததெல்லாம் பூத்து முடிஞ்சும் அது பூக்காமயே நின்னுச்சு, நிறைய பேர் பிடுங்க சொன்னீங்க, பெரும்பாலும் பிடுங்கியாச்சு, சந்தேகத்துக்கு ரெண்ட மட்டும் விட்டு வச்சேன். முத்துனதும் நெல்ல நகத்தால உரிச்சா உள்ள நல்ல சிவப்பு! தூயமல்லி வெள்ளை அரிசி, அதனால சிவப்பு அரிசி ரகமான மாப்பிள்ளை சம்பாவாதான் இருக்கும்ங்கிறது என் கணிப்பு. நெல்லு தன் மகரந்தத்துலயே காய்க்கிற பயிர், பக்கத்து வயல்லேந்து காத்துல ஒட்டு சேர்றது ரொம்ப அபூர்வம். கலப்பு வர்றதெல்லாம் அறுப்பு மிஷின், களம், சாக்குலதான். போன வருஷம் பக்கத்துல சிவப்பு நெல் அறுத்த மிஷின் நேரா எங்க வயலுக்குதான் வந்துச்சு (கழுவவா போறாங்க).

இந்த தடவ விதைக்கு வரப்போரம் விட்டுட்டு நடுவுல மட்டும் கையறுப்பு, தனியா அடிச்சு காயவச்சாச்சு. விதை கேட்டவங்களுக்கு, காசு வேணாம், திருத்துறைப்பூண்டி நெல் திருவிழால பாரம்பரிய நெல்ல மீட்ட நெல் ஜெயராமன் ஐயா பழக்குன கணக்குதான், 2 கிலோ வாங்கிட்டு போங்க, அறுத்ததும் 4 கிலோவா குடுங்க, கலவன் எடுத்துட்டு குடுங்க.