சி.ஆர்.பி. இறங்கிய பிறகும் எலும்பு அரிப்பது ஏன்?

கேள்வி:
என் அம்மாவுக்கு வயது 56. மூன்று ஆண்டுகளாக முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு அழற்சி நோய்) வாரம் ஒரு நாள் மெதோட்ரெக்சேட் 15 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார். அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளில், தொடக்கத்தில் 41 ஆக இருந்த சி.ஆர்.பி. இப்போது 4, ஈ.எஸ்.ஆர். 70இலிருந்து 22க்கு வந்துவிட்டது. நோய் அடங்கிவிட்டது என்றே இருந்தோம். ஆனால், சென்ற வாரம் எடுத்த எக்ஸ்-ரேயில் வலது பாதத்தின் சுண்டுவிரல் அடிமூட்டில் எலும்பு அரித்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஆர்.ஏ. ஃபேக்டரும் 180க்குக் கீழே இறங்கவே இல்லை. அதை மாதாமாதம் பார்க்க வேண்டுமா? இரத்தம் சரியாக இருக்கும்போது எலும்பு எப்படிக் கெடும்?

மறுமொழி 1:
இருபது ஆண்டுகள் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். நீங்கள் குறிப்பிட்ட எண்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாவது, உடலில் எங்கு அழற்சி இருந்தாலும் ஏறும், அடங்கினால் சில நாட்களில் இறங்கும். ஆனால் பாதத்தின் ஒரு சிறு மூட்டில் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி அதை அசைக்காமலே போகலாம். ஈ.எஸ்.ஆர். இரத்தசோகையாலும் வயதாலும்கூட ஏறும் என்பதால் நான் அதைத் தனியாக நம்புவதில்லை.

ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி-சி.சி.பி.யும் எதிர்ப்பொருள்கள். நோய் இன்று எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்பதைவிட, அது எத்தகைய நோய் என்பதையே அவை காட்டுகின்றன. இரண்டும் அதிக அளவில் இருப்பவர்களுக்கு எலும்பு அரிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். ஆர்.ஏ. ஃபேக்டர் ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களிடமும், நோயே இல்லாத முதியவர்கள் சிலரிடமும் காணப்படும், ஆன்டி-சி.சி.பி. அப்படி எளிதில் ஏமாற்றாது. ஆர்.ஏ. ஃபேக்டரை மாதாமாதம் பார்ப்பது வீண்செலவு. இன்னொன்று: சி.ஆர்.பி.யைச் சில இடங்களில் லிட்டருக்கும் சில இடங்களில் டெசிலிட்டருக்கும் கணக்கிட்டுத் தருவார்கள். அலகைப் பார்க்காமல் ஒப்பிட்டால் பத்து மடங்கு பிழை வரும்.

மறுமொழி 2:
சகோதரி, நான் பதினொரு ஆண்டுகளாக இந்த நோயுடன் வாழ்பவள். முதலில், அந்த அரிப்பு புதிதா பழையதா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டின் உள்ளுறை தடித்து, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுவதால்தான் அரிப்பு உண்டாகிறது. அது எக்ஸ்-ரேயில் தெரியும் அளவுக்கு வளர மாதக்கணக்கில் ஆகும். பாதச் சுண்டுவிரலின் அடிமூட்டு, அரிப்பு முதலில் தோன்றும் இடங்களில் ஒன்று. அப்படியிருந்தும் பலருக்குக் கைகளை மட்டுமே படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் பாதத்தையும் படமெடுத்திருந்தால், இரண்டையும் மருத்துவரிடம் அருகருகே காட்டுங்கள். பழைய படம் இல்லையென்றால் அல்ட்ராசவுண்ட் உதவும். அதில் டாப்ளர் வைத்துப் பார்த்தால், உள்ளுறையில் இரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா, அதாவது அழற்சி இப்போதும் நடக்கிறதா என்பது தெரியும். எனக்கு சி.ஆர்.பி. 3 இருந்த நாளில், மருத்துவர் விரல் கணுக்களைக் குறுக்காகச் சேர்த்து அழுத்தியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றுதான் மருந்தை மாற்றினார்.

அரித்த எலும்பு பெரும்பாலும் பழையபடி நிரம்புவதில்லை. மேலும் அரிக்காமல் தடுப்பதுதான் நோக்கம். வாரம் 15 என்பது மெதோட்ரெக்சேட்டின் உச்ச அளவும் அல்ல. கூட்டுவதா, வேறு மருந்து சேர்ப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மறுமொழி 3:
ஒரு சிறு சேர்க்கை. பின்னாளில் டோசிலிசுமாப் ஊசிக்கு மாற்றினால் சி.ஆர்.பி.யை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். கல்லீரலை அதைச் சுரக்கத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தின் வேலையையே அந்த மருந்து தடுப்பதால், மூட்டு எப்படி இருந்தாலும் எண் இறங்கிவிடும். தொற்று வந்தால்கூட ஏறாமல் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பழைய உறையைத் தேடி எடுத்தேன். அதில் இரு கைகளின் படங்கள் மட்டுமே இருக்கின்றன. அம்மாவிடம் கேட்டபோது, காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் கூழாங்கல்மேல் நிற்பதுபோல் இருக்கிறது என்று ஓர் ஆண்டாகவே சொல்லி வருவதாக நினைவூட்டினார். சி.ஆர்.பி. சரியாக இருக்கிறதே என்று நாங்கள் செருப்பைத்தான் இரண்டு முறை மாற்றிக் கொடுத்தோம். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம்; பாதத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமா என்று கேட்கப்போகிறேன்.