ஈர்த்தால் எதிரெதிர் மின்னூட்டம்தானே? நான்கு பந்துக் கணக்கில் மாட்டிக்கொண்டேன்

ராத்திரி அம்மா:
மகள் நாளைக் காலையில் கொடுக்க வேண்டிய கணக்கு. நான் இயற்பியலைத் தொட்டு இருபது வருஷமாகிறது, திட்டாமல் படியுங்கள்.

நூலில் தொங்கும் நான்கு லேசான பந்துகள்: ஏ, பி, சி, டி. ஏ-யும் பி-யும் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஏ-யும் சி-யும் ஈர்க்கின்றன. ஏ-யும் டி-யும் ஈர்க்கின்றன. சி-யும் டி-யும் ஈர்க்கின்றன. ஏ-யில் இருப்பது நேர் மின்னூட்டம். மற்றவற்றில் என்ன?

பி நேர், அதில் குழப்பமில்லை. சி-யை ஏ இழுப்பதால் சி எதிர். அதே காரணத்தால் டி-யும் எதிர். அப்படியானால் சி-யும் டி-யும் விலகித்தானே நிற்க வேண்டும்? இழுத்துக்கொள்கிறதாம். மூன்று தடவை அழித்து எழுதியதில் தாள் கிழியப் பார்க்கிறது. மகள் "கேள்வியே தப்பும்மா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

நூல்பந்து:
டி-யில் மின்னூட்டமே இல்லை. அவ்வளவுதான்.

ராத்திரி அம்மா:
நன்றி, ஆனால் ஏன் டி? சி-யாக இருக்கக் கூடாதா? மின்னூட்டமே இல்லாததை ஏ எப்படி இழுக்கும்?

பழைய ஆய்வகம்:
நீங்கள் சறுக்கிய இடம் "ஈர்த்தால் எதிரெதிர்" என்பதுதான். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும், அது சரி. ஆனால் ஈர்ப்பதெல்லாம் எதிரெதிர் அல்ல. மின்னூட்டம் உள்ள பொருள், இல்லாத பொருளையும் இழுக்கும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காகிதத்துக்கு யாரும் மின்னூட்டம் ஏற்றவில்லையே!

நேர் மின்னூட்டமுள்ள ஏ பக்கத்தில் வந்தால், நடுநிலையான (மின்னூட்டமற்ற) பந்துக்குள் இருக்கும், எதிர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்கள் ஏ-யின் பக்கமாகச் சற்று நகரும். அந்தப் பக்கம் எதிர், பின்பக்கம் நேர். மொத்தத்தில் சுழியம்தான். ஆனால் தூரம் கூடினால் விசை குறையும் என்பதால், கிட்டே இருக்கும் எதிர் மீதான இழுப்பு, எட்டி இருக்கும் நேர் மீதான தள்ளலை ஜெயித்துவிடுகிறது. பந்து ஏ-யிடம் வருகிறது. ஏ எதிராக இருந்திருந்தாலும் வரும்.

அதனால் நம்பத்தக்க சாட்சி விலக்கல் ஒன்றுதான். விலகினால் இரண்டிலும் மின்னூட்டம் உண்டு, ஒரே வகை.

இப்போது உங்கள் கணக்கு. சி எதிராகவோ நடுநிலையாகவோ இருக்கலாம், டி-யும் அப்படியே. இரண்டுமே எதிர் என்றால் விலகும். இரண்டுமே நடுநிலை என்றால் ஒன்றும் நடக்காது. ஈர்க்கின்றன என்பதால் ஒன்று எதிர், மற்றது நடுநிலை. எது எது? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்லவே முடியாது. நூல்பந்து குறி பார்க்காமல் கல் எறிந்திருக்கிறார் :) கேள்வியில் இன்னொரு வரி இருக்கிறதா பாருங்கள்.

நூல்பந்து:
ஒப்புக்கொள்கிறேன், யூகம்தான்.

ராத்திரி அம்மா:
இருக்கிறது! பக்கத்தைத் திருப்பினால் மேலேயே: "மின்னூட்டமற்ற ஐந்தாவது பந்து இ, டி-யின் அருகில் தொங்கவிடப்பட்டது. இரண்டும் அசையவில்லை." டி எதிராக இருந்தால் இ-யை இழுத்திருக்கும். இழுக்கவில்லை, ஆகவே டி நடுநிலை, சி எதிர். சரியா?

பழைய ஆய்வகம்:
சரி. நூல்பந்து சொன்னதும் பலித்துவிட்டது, மனிதருக்கு அதிர்ஷ்டம்.

ஒரு பழைய கதை. 1733-இல் பிரான்சில் தூ ஃபே என்பவர், தேய்த்த கண்ணாடிக் குழாயைத் தொட்டு விலகி மிதந்த மெல்லிய தங்கத் தாளின் அருகே, தேய்த்த பிசின் துண்டைக் கொண்டுபோனார். அதுவும் தள்ளும் என்று எதிர்பார்த்தார். இழுத்தது. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோனது அதுதான். நேர், எதிர் என்ற பெயர்கள் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்ளின் வைத்தவை. எதற்கு எந்தப் பெயர் என்பது அவர் தேர்வு, இயற்கை சொன்னதல்ல. அதனால்தான் உங்கள் கேள்வியில் "ஏ நேர்" என்று தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் ஒரே வகையா வேறு வகையா என்பதோடு நிற்க வேண்டியதுதான்.

காலையில் மகளுக்குக் காட்ட: ஒரு துண்டு செலோ டேப்பை மேசையில் ஒட்டி, அதன்மேல் இன்னொன்றை ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்து மெதுவாக உரித்து, முதுகுப்பக்கத்தை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, பிறகு சட்டென்று பிரியுங்கள். ஒன்றையொன்று இழுக்கும். இதேபோல் இன்னொரு ஜோடி செய்து, மேல் டேப் இரண்டையும் பக்கத்தில் பிடித்தால் விலகும். இரண்டு வகை டேப்புமே உங்கள் விரலிடம் வரும், ஏனென்றால் விரல்தான் உங்கள் டி. சோதிக்கும்போது எட்டத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவந்து முதல் அசைவைப் பாருங்கள். ஒரே வகையானாலும் ஒன்றில் மின்னூட்டம் மிகக் குறைவாக இருந்தால், ரொம்பக் கிட்டே போனதும் இழுத்து ஏமாற்றும். காற்றில் ஈரம் இருந்தால் எதுவும் சரிவராது.

ராத்திரி அம்மா:
செய்தாயிற்று. முதல் ஜோடி சொதப்பல், தடவ மறந்துவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது ஜோடிகளில் மேல் டேப்புகள் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு விலகி நின்றன. மகள் தன் விரலை நீட்டி, "அப்போ நான் நடுநிலையா?" என்று கேட்டுவிட்டு, "சி எதிர், டி-யில் இல்லை" என்று அவளே எழுதி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு டேப் இன்னும் மேசை விளிம்பில் தொங்குகிறது, தாண்டிப் போகும்போதெல்லாம் என் கைப்பக்கம் எட்டிப் பார்க்கிறது.