காணொளியில் வெட்டு விழுந்த இடம் ஆட்டமாகிவிட்டது: இதைக் கூத்து என்று ஏற்பதா?

சல்லரிக்காரன் (படுவான்கரை):

மட்டக்களப்பில் எங்கள் ஊரில் இந்த முறை வடமோடிக் கூத்து (விடிய விடிய ஆடிப் பாடும் நாட்டார் நாடகத்தில் ஒரு வகை) ஒன்று போடுகிறோம். அப்பாதான் அண்ணாவியார், கூத்தைப் பழக்கும் ஆசான். சட்டங்கொடுத்து (அவரவர் பங்கைப் பகிர்ந்து), சதங்கை அணிந்து, இப்போது அடுக்குப் பார்க்கும், அதாவது அரங்கேற்றத்துக்கு முந்திய ஒத்திகைக் கட்டத்தில் நிற்கிறோம். நான் சல்லரித் தாளம் போடுகிறவன். ஆட்டக்காரரின் காலையே பார்த்துப் பழகிய கண்ணில் ஒன்று உறுத்துகிறது.

அருச்சுனனும் கர்ணனுமாக ஆடும் பையன்கள் வீசாணம் என்ற ஆட்டமுறையின் நடுவில், தாளம் தீர்க்காமலே (தாளத்தை முடித்து வைக்காமலே), அரைச்சுற்றுத் துள்ளல் ஒன்று போட்டு வலக்காலை முன்னே ஊன்றி நிற்கிறார்கள். அப்பா மத்தளத்தை நிறுத்திவிட்டு, “இது எங்கேயிருந்து வந்தது?” என்றார். கர்ணன் கைத்தொலைபேசியை நீட்டினான். யூடியூபில் கிடக்கும் பழைய கூத்துத் துண்டு. அதில் மத்தளம் அடிப்பவர் அப்பாவேதான், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில். அவருடைய காணொளியைக் காட்டியே அவருக்குப் பாடம் எடுக்கிறான் பையன்.

வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். காணொளியைச் சுருக்கியவர் ஒரு பாட்டின் பாதியையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் ஒட்டியிருக்கிறார். முதல் துண்டில் ஆட்டக்காரரின் முகம் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். அந்த ஒட்டுத்தான் இவர்கள் காலில் துள்ளலாகியிருக்கிறது. எந்தக் கூத்துக் களரியிலும் எவரும் ஆடாத ஆட்டம்!

போதாததற்கு, கேமரா இருந்த ஒரே திசையைப் பார்த்தே ஆடுகிறார்கள். சுற்றிலும் சனம் இருக்கும் வட்டக்களரியில் மற்றப் பக்கங்களில் இருப்பவர்களுக்குக் கரப்புடுப்பு என்ற விரிந்த வேட உடையின் பின்புறம்தான் தரிசனம்.

ஆனால் அடுக்குப் பார்க்க வந்த சனம் துள்ளலுக்கு விசில் அடிக்கிறது. பக்கத்து ஊரிலும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதுதான் போத்ரியார் சொன்ன மிகையதார்த்தம், நகலே நிஜத்தைவிட நிஜமாகிவிடுவது, என்கிறார் ஒரு நண்பர். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதைத் தடுப்பதா, விடுவதா?

வாவிக்கரை (கல்லடி):

நண்பர் சொன்னது சரிதான். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் 1981இல் வெளியிட்ட நூலில் படிமத்துக்கு நான்கு நிலைகள் சொல்கிறார். முதலில் அது உண்மையைக் காட்டும். பிறகு திரிக்கும். அடுத்து, உண்மை என்று ஒன்று அங்கே இல்லை என்பதை மறைக்கும். கடைசியில் எந்த உண்மையோடும் அதற்கு உறவிராது. உங்கள் அப்பாவின் காணொளி முதல் நிலையில் தொடங்கி, வெட்டி ஒட்டியபோது இரண்டாவதுக்கு இறங்கியது. அந்தத் துள்ளல் நேரே நான்காவதில் போய் நிற்கிறது, மூலமே இல்லாத நகல்.

பிரான்சின் லாஸ்கோ குகையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். பார்க்க வந்தவர்களின் மூச்சிலேயே அங்கிருந்த கற்கால ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963இல் அதைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். சற்றுத் தள்ளி நகல் குகை ஒன்றைக் கட்டத் தொடங்கி, அவர் நூல் வந்த பிறகு, 1983இல் திறந்தார்கள். நகல் வந்த பிறகு மூலமும் சேர்ந்தே செயற்கையாகிவிடுகிறது என்பது அவர் வாதம். தம்பி, உங்கள் ஊரில் நகல் அண்ணாவியாரையே அல்லவா திருத்துகிறது! நானாக இருந்தால் உடனே நிறுத்துவேன்.

பழைய கட்டியகாரன்:

நிறுத்தச் சொல்வது சுலபம். அந்தப் பிரெஞ்சுக்காரர் நம் களரியில் ஓர் இரவு உட்கார்ந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். பாவனை ஆளை விழுங்க வேண்டுமென்றால் அது பாவனை என்பது மறைய வேண்டும். கூத்தில் நாம் எதை மறைத்தோம்? திரை விலகினால் ராசா தன்னை வேறொருவன் போல வைத்துத் தன் வரவைத் தானே பாடுகிறார். மத்தளமும் ஏடும் சபையின் கண்முன்னே இருக்கின்றன. வேலை இல்லாத நேரத்தில் அதே ராசா களரி ஓரத்தில் தேநீர் குடிக்கிறார். விடிந்தால் அவர் வயலுக்குப் போவார் என்பது மடியில் தூங்கும் பிள்ளைக்கும் தெரியும்.

வெட்டுவதும் புதிதல்ல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் பார்க்கும் மேடைக்குக் கொண்டுவந்தார். அண்ணாவிமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது போகிறது, எது நிற்கிறது என்று தெரிந்து செய்தார். உங்கள் காணொளியை வெட்டியவருக்குத் தாளம் தெரியாது. எனக்குக் குறை அது ஒன்றுதான்.

துள்ளலை விடுங்கள். ஒரே பக்கம் பார்த்து ஆடுவதை முதலில் திருத்துங்கள். பின்னால் இருக்கிறவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான்.

தறிவீட்டுப் பிள்ளை (மருதமுனை):

எங்களுக்குக் கைத்தறி. கைத்தறிக் கரையைப் போலவே அச்சடித்த மலிவுச் சேலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் எங்கள் சேலையைத் தடவிப் பார்த்து, “அசல் மாதிரி இல்லையே” என்கிறார்கள். சிரிப்பதா அழுவதா?

ஆனால் அப்படி ஓர் அச்சுச் சேலையில் இருந்த கொடி வாப்பாவுக்குப் பிடித்துவிட்டது. திட்டிக்கொண்டே இழைக் கணக்குப் போட்டார். கணக்குக்குள் வராத வளைவுகளைக் கழித்துவிட்டு மீதியைத் தறியில் ஏற்றினார். நன்றாகவே விற்கிறது.

சல்லரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குகைக் கதைக்குத் தலையாட்டினார். கட்டியகாரர் ஐயா எழுதியதைக் கேட்டு, “இந்த மனிதன் ஆடியவன்” என்றார். மருதமுனை வாப்பாவின் கதையைத்தான் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

இப்போது துள்ளல் இருக்கிறது, ஆனால் தாளம் தீர்த்த பிறகு. அதற்கென்று மத்தளத்தில் ஓர் அடி கட்டியிருக்கிறார். திசைக்கு ஒன்றாக நான்கு பக்கமும் துள்ள வேண்டும். மூன்றாவதிலேயே கர்ணனுக்கு மூச்சு வாங்குகிறது. “காணொளியில் ஒன்றுதானே இருந்தது” என்று முனகுகிறான்.

அரங்கேற்றத்தைப் பையன்கள் படம் பிடித்து ஏற்றப் போகிறார்களாம். வெட்டாமல் முழு இரவையும் ஏற்றுங்கள் என்றேன். “அவ்வளவு நேரம் யார் அண்ணா பார்ப்பார்கள்?” என்று கேட்கிறார்கள்.