ரயில் ஹாரனை வைத்து டாப்ளர் விளைவு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டாப்ளர் விளைவை (ஒலி எழுப்புவதோ கேட்பவரோ நகரும்போது காதில் விழும் சுருதி மாறுவதை) வெறும் சூத்திரமாகச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. 1845இல் நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் என்ற விஞ்ஞானி, ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, தண்டவாள ஓரம் சுருதி ஞானம் உள்ளவர்களை நிறுத்தித்தான் இதைச் சோதித்தார். எங்கள் பிள்ளைகளும் காதால் கேட்டுக் கணக்குப் போட வேண்டும்.

லெவல் கிராசிங் கேட்டுக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில் நின்று போனில் பதிவு செய்யத் திட்டம். ஹாரனின் உண்மையான அதிர்வெண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரும்போது கேட்பதைப் போகும்போது கேட்பதால் வகுத்தால் அது அடிபட்டுவிடும். ஒலி நொடிக்கு 340 மீட்டர், ரயில் 20 மீட்டர் (மணிக்கு 72 கி.மீ.) என்றால் விகிதம் 360/320, அதாவது 9/8. கர்நாடக இசையில் சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து (ரி) ஷட்ஜத்துக்கு (ஸ) இறங்கும் அதே இடைவெளி! பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

ஹாரனில் பல சுருதிகள் கலந்து ஒலித்தால் எதை எடுத்துக்கொள்வது? தள்ளி நிற்பதால் சுருதி ஒரேயடியாக விழாமல் வழுக்கிக்கொண்டே இறங்கும். பதிவின் எந்தப் பகுதியை அளப்பது சரி? அதிர்வெண் காட்டும் நல்ல இலவச ஆப் எது?

அப்புறம் இன்னொன்று. 400 ஹெர்ட்ஸ் ஹாரன் 20 மீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கினால் 425 கேட்கும். நின்றிருக்கும் ஹாரனை நாம் அதே வேகத்தில் நெருங்கினால் 423.5 தான். காற்றைப் பொறுத்து நகர்வது யார் என்பதில் வரும் வித்தியாசம் இது. கரும்பலகையில் இதைப் படமாகக் காட்ட எளிய வழி வைத்திருப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்.