புதுப்பிப்பு: மாடி ரவுட்டர் ஒருவழியாகச் சரியானது

மாடியில் பழைய ரவுட்டரை மாட்டினால் வைஃபை வருகிறது, கீழே உள்ள பிரிண்டர் மட்டும் தெரியவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். கீழ் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளி இன்டர்நெட் இணைப்புக்கான துளையில், செருகியிருந்தேன். மாடி தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிட்டது.

லேப்டாப்பைப் பழைய ரவுட்டரில் நேராக மாட்டி, அதன் ஐபியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குள்ள முகவரியை, 192.168.1.250 ஆக்கினேன். கீழ் ரவுட்டர் 192.168.1.1, அது மற்ற சாதனங்களுக்குக் கடைசி எண் 200 வரைதான் முகவரி கொடுக்கிறது, அதனால் மோதாது. அப்புறம் பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை லேன் (LAN) போர்ட்டுக்கு, அதாவது வீட்டுச் சாதனங்களை மாட்டும் துளைக்கு, மாற்றினேன். அவ்வளவுதான்.

முதல் முயற்சியில் ஐபியை மாற்றாமலே டிஹெச்சிபியை அணைத்துத் தொலைத்தேன். செட்டிங்ஸ் பக்கமே திறக்கவில்லை. ரீசெட் ஓட்டையில் ஊக்கைக் குத்திப் பத்து விநாடி அழுத்த வேண்டியதாயிற்று.

இப்போது மாடியிலிருந்தே பிரிண்ட் போகிறது. தாளை எடுக்கத்தான் கீழே இறங்க வேண்டும்.