ஒன்பதாம் காம்பராக் கூரை: பிடுங்கியது தீ நிற்க முன்னாலா, நின்ற பின்னாலா?

கவ்வாத்துக்கத்தி:
நிவாரணக் கணக்கு கேட்ட இடத்தில் சிட்னியில் இருக்கிற தூரத்துப்பார்வை அண்ணன் நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். அப்படியே தருகிறேன்: "பயிற்சி இல்லாத பையன்கள் தொண்டர் தீயணைப்பு என்று கிளம்பி, தீயே வராத ஒன்பதாம் காம்பராவின் கூரையைப் பிடுங்கி, இன்னொரு குடும்பத்தையும் நடுத்தெருவில் விட்டார்கள். அப்புறம் அதே குடும்பத்துக்குப் பருப்புப் பொதி கொடுத்து போட்டோ பிடித்தார்கள்."

கூரையில் ஏறியவர்களில் நானும் ஒருவன். ஆகவே கேளுங்கள். பெப்ரவரி மாதம், இரவு பத்தே முக்கால். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம்: வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், ஒரே முகடு. நாலாம் காம்பராவில் பிடித்தது. லயத்தில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சிட்னிக்காரருக்காகச் சொல்கிறேன்: காம்பராவுக்கு நடுவில் இருக்கிற சுவர் முகடு வரைக்கும் போகாது. மேலே எல்லாரும் விறகு அடுக்கி வைத்திருப்பார்கள். தீ சுவரை உடைக்காது, சுவருக்கு மேலால் நடந்து வரும். டவுன் தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டோம். வண்டி புறப்பட்டது, பொய் சொல்லவில்லை. நவம்பரில் இலங்கைக்கு வந்த டித்வா புயல் அடித்துக்கொண்டு போன பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் கையில் இருந்தது மருந்தடிக்கிற முதுகு டாங்கி நாலு, ஈரச் சாக்கு, வாளி, ஒரு ஏணி. ஆறாம் காம்பரா எரியும்போதே ஒன்பதில் ஏறினோம். 22 தகரம் கழற்றி, கைமரத்தை அறுத்துத் தள்ளினோம். ஏறிய நேரம் 11.10. தீ எட்டோடு நின்றது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு இன்றைக்கும் நிற்கின்றன. 11.10. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்துப்பார்வை:
எழுதி வைத்தேன் தம்பி. உங்கள் குழு போட்ட போட்டோவையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் நேரம் 11.40. கூரையில் நாலு பேர் தகரத்தோடு நிற்கிறீர்கள். பின்னால் புகை மட்டும்தான், தீ இல்லை. அணைந்த தீக்கு எதற்குக் கூரை பிடுங்கினீர்கள்?

இங்கே நியூ சவுத் வேல்ஸ் கிராமியத் தீயணைப்புச் சேவையில் ஏறத்தாழ 70,000 தொண்டர்கள். சம்பளம் கிடையாது. 2019-20 காட்டுத்தீயில் மாதக்கணக்காக நின்றார்கள். ஆனால் அடிப்படைப் பயிற்சி முடிக்காதவனைத் தீக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். நீங்கள் பம்ப் வாங்க முதலே டீ சேர்ட் அடித்தவர்கள்.

கவ்வாத்துக்கத்தி:
11.40க்கு எடுத்தது கடைசித் தகரத்தை இறக்கும்போது. தொடங்கியது 11.10. ஒரு லயத்துக் கூரையை அரை மணி நேரத்தில் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? துருப்பிடித்த ஆணி. டோர்ச் வாயில். கீழே தாய்மார் கத்துகிறார்கள். நான் போனைப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைத்தேன். 11.10.

டீ சேர்ட் ஒரு நன்கொடையாளர் கொடுத்தது. "பம்ப் கொடுங்கள்" என்று கேட்டோம், டீ சேர்ட் வந்தது. அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று நான் சொல்லப் போவதில்லை.

சும்மா_ஒருத்தன்:
போனைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினாராம். லைக் எத்தனை என்று பார்த்திருப்பார்.

ஓய்வு_வாத்தியார்:
பிள்ளைகளே, முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள். தொண்டர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? அனர்த்தம் என்று எதைச் சொல்கிறீர்கள்? 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்கையாக வருவதையும் மனிதனால் வருவதையும் சேர்த்தே பேசுகிறது. தீயும் அதற்குள் வரும். இதைத் தீர்க்காமல் நிவாரணம் யாருக்கு என்று பேசுவது வீண்.

கவ்வாத்துக்கத்தி:
சேர், மன்னிக்கவும், இங்கே பிரச்சினை 11.10ஆ 11.40ஆ என்பதுதான்.

ஒன்பதாம்_நம்பர்:
கொழும்பில் வேலை செய்கிறேன். அது எங்கள் காம்பரா. இத்தனை பேர் எங்கள் கூரையைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஒருவர்கூட அம்மாவிடம் கேட்கவில்லை.

கத்தி அண்ணா, தீ எட்டோடு நின்றது நீங்கள் தகரம் கழற்றியதால் இல்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுச்சுவரை அப்பா முகடு வரைக்கும் ஏற்றியிருந்தார். பக்கத்து வீட்டுப் புகை வருகிறது என்று, ஓய்வூதியக் காசில் கல் வாங்கி, அவரே பூசினார். இப்போது போய்ப் பாருங்கள். அந்தப் பக்கம் கரி, இந்தப் பக்கம் நாங்கள் அடித்த நீலச் சாயம் அப்படியே இருக்கிறது. சாமி படத்துக் கண்ணாடிகூட வெடிக்கவில்லை. மழை வந்தபோதுதான் படம் நனைந்தது. கூரை இல்லையே.

அம்மா இரண்டு முறை அலுவலகத்துக்குப் போனார். எரிந்த காம்பராக்களின் பட்டியல் இருக்கிறது, "உங்களுடையது எரியவில்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். எரிந்த ஐந்து குடும்பத்துக்கும் தகரமும் காசும் என்று எழுதினார்கள். எங்களுக்குக் கூரைக்கு விரிக்க ஒரு தறப்பாள்.

மழைமானி:
சகோதரிக்கு அனுதாபம். ஆனால் தறப்பாளோடு அங்கே இருக்கவே கூடாது. மண்சரிவு எச்சரிக்கை தெரியும்தானே: மழை 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சும்மா போட்ட கணக்கு இல்லை. மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. உங்கள் தொண்டர் குழு ஒரு மழைமானி வைத்திருக்கிறதா?

கவ்வாத்துக்கத்தி:
வந்துவிட்டார். வெளியேறி எங்கே போவது? பள்ளிக்கூடத்துக்கா? டித்வாவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் மண்மேடு சரிந்தது. மீரியாபெத்தையில் முதலில் மண்ணைத் தோண்டியது யார்? மம்மட்டியோடு ஓடிப்போன பக்கத்துத் தோட்டத்துச் சனம். இயந்திரம் பிறகு வந்தது. தப்பியவர்களுக்கு வீட்டுச் சாவி கொடுக்க இரண்டு வருஷம் எடுத்தார்கள். மழைமானி இருந்தால் மண் நின்றிருக்குமா?

மழைமானி:
மண் நிற்காது, மனிதர் நகர்ந்திருப்பார்கள். பால்மாப் பேணியில் அடையாளம் போட்டுக்கூட அளக்கலாம்.

சும்மா_ஒருத்தன்:
பேணியில் மழை அளக்கலாம். நிவாரணத்தில் வந்த குதி உயர்ந்த செருப்பை எதில் அளப்பது? டித்வாவில் எங்கள் பக்கம் ஒரு மூட்டை முழுக்க அதுதான். கொழுந்து மலைக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

தூரத்துப்பார்வை:
செருப்பு அனுப்பியவனைக் கிண்டல் பண்ணுவது சுலபம். அந்தப் புயலில் நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கையில் கிடைத்ததை அனுப்பினோம். சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தத் தங்கை சொன்னதற்குப் பதில் எங்கே? சுவர் முகடு வரைக்கும் இருந்திருக்கிறது. தீ சுவரில் நின்றிருக்கிறது. நீங்கள் 11.40க்கு ஏறியிருக்கிறீர்கள்.

கவ்வாத்துக்கத்தி:
11.10.

சுவர் இருந்தது. மறுக்கவில்லை. ஆனால் சுவருக்கு மேலே கைமரம் ஒன்றுதான், எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஊடாகப் போகிறது. சுவரில் ஓட்டை விட்டு மரத்தை நுழைத்திருந்தார்கள். அந்த ஓட்டையால் புகை வந்ததை என் கண்ணால் பார்த்தேன். கையை வைத்தேன், சுட்டது. அந்த இடத்தில்தான் அறுத்தோம். அறுக்காமல் விட்டு, பன்னிரண்டும் போயிருந்தால் இதே சிட்னியிலிருந்து "பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள்" என்று எழுதுவீர்கள்.

பயிற்சி பயிற்சி என்கிறீர்களே, யார் கொடுக்கிறார்கள்? தீயணைப்பு வண்டி பெரும்பாலும் மாநகர சபைக்கும் நகர சபைக்கும்தான் சொந்தம். பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க 2018இல் சட்டம் திருத்தும்வரை வழி அடைத்துக் கிடந்தது. திருத்திய பிறகு எங்கள் தோட்டத்துக்கு வந்தது ஒரு பெயர்ப்பலகை.

ஓய்வு_வாத்தியார்:
33ஆம் பிரிவு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். ஆனால் நான் கேட்டது வேறு, தொண்டர் என்றால்...

சும்மா_ஒருத்தன்:
சேர், சோதனைத் தாளில் எழுதுகிறோம், விடுங்கள்.

ஒன்பதாம்_நம்பர்:
புகை வந்ததாம். அம்மா உள்ளே இருந்துதான் சாமான் எடுத்துக்கொண்டிருந்தார். புகை இல்லை என்கிறார். எட்டாம் காம்பராக் கூரை விழுந்து, தண்ணீர் ஊற்றி, சனம் மூச்சு விட்டபிறகுதான் மேலே தகரச் சத்தம் கேட்டதாம். "தம்பிமாரே போதும், தீ நின்றுவிட்டது" என்று அம்மா கூப்பிட்டது அந்த லயத்துக்கே தெரியும்.

கவ்வாத்துக்கத்தி:
அத்தை பயத்தில் இருந்தார். பயத்தில் நேரம் தெரியாது. தங்கச்சி, உங்கள் அப்பா தலைவராக இருந்தபோது தண்ணீர் டாங்கிக்குச் சேர்த்த காசு என்னவானது என்று நாங்கள் கேட்டோமா? அந்த டாங்கி இருந்திருந்தால் முதுகு டாங்கியில் தண்ணீர் பீச்சியிருக்க மாட்டோம்.

ஒன்பதாம்_நம்பர்:
அப்பா செத்து மூன்று வருஷமாகிறது. கணக்குப் புத்தகம் இருக்கிறது, வந்து பாருங்கள். 22 தகரம் கழற்றினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பது 14. மற்ற எட்டும் எங்கே?

தூரத்துப்பார்வை:
இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

கவ்வாத்துக்கத்தி:
நீங்கள் தகரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. மேலே போய்ப் படித்துப் பாருங்கள். எட்டுத் தகரம் வளைந்துவிட்டது, சிலதில் ஓட்டை. ஐந்தாம் நம்பர் தாத்தாவுக்கு அன்றிரவு ஒதுங்க இடமில்லை, அதை வைத்துத்தான் சாய்ப்பு இறக்கினோம். இன்னும் அதற்குள்தான் படுக்கிறார். போய்ப் பிடுங்கிக்கொண்டு வரவா?

மழைமானி:
சாய்ப்பு எந்தப் பக்கம்? மண்மேட்டுப் பக்கமா?

கவ்வாத்துக்கத்தி:
ஐயா, உங்களை யார் கேட்டது? கடைசியாக ஒரு முறை சொல்கிறேன். ஏறியது 11.10. போனில் பார்த்தேன். ஆறு எரிந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம்_நம்பர்:
அம்மா இப்போதுதான் போனில் பேசினார். இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். "நேரம் எனக்குத் தெரியாது, அந்தப் பையனுடைய ஏணி நம் வீட்டுப் பின்னால் கிடக்கிறது, கோழி ஏறுகிறது, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்" என்கிறார். வரும்போது ஆணி கொண்டு வாருங்கள். பதினான்கையாவது அடித்துவிட்டுப் போங்கள்.

கவ்வாத்துக்கத்தி:
ஏணி தோட்டத்து ஏணி. என்னுடையது இல்லை.