பழைய டைலின் பின்பக்கச் சிமெண்டை எப்படி எடுப்பது?

வணக்கம் மக்களே, பழைய டைல் சேர்க்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். இங்கே இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் விக்டோரியா காலத்துக் கணப்படுப்பு டைல் ஒன்பது கிடைத்தது, பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து இருக்க வேண்டிய செட். ஆறு அங்குலச் சதுரம், தேன் நிறக் கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு), புடைப்பாகச் சூரியகாந்திப் பூ. இதழ்களுக்கு நடுவே கிளேஸ் தேங்கிக் கருப்பட்டி நிறத்தில் நிற்கிறது, அதில் மயங்கித்தான் வாங்கினேன்.

சிக்கல் பின்பக்கம்தான். அரை அங்குலத்துக்குச் சிமெண்ட். கம்பெனி பெயர் இருந்தால் அதற்கு அடியில்தான் இருக்க வேண்டும், செய்தது மின்டன் (Minton) கம்பெனியா, மா (Maw) கம்பெனியா என்றே தெரியவில்லை. ஒன்றில் மட்டும் கொஞ்சம் உதிர்ந்து டைமண்ட் வடிவ முத்திரை பாதி தெரிகிறது. அது பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை போட்ட டிசைன் பதிவு முத்திரை. ஆண்டைக் குறிக்கும் எழுத்து உச்சியில் இருந்தால் 1867 வரை, வலது மூலையில் இருந்தால் 1868க்குப் பிறகு. உச்சியில் இருப்பது எழுத்து இல்லை, எண். அப்படியென்றால் பிந்தியது, ஆனால் அந்த வலது மூலைதான் இன்னும் மூடிக் கிடக்கிறது!

தயவுசெய்து ஆசிட் மட்டும் சொல்லாதீர்கள், கிளேஸில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு நிறைய. தண்ணீரில் எத்தனை நாள் ஊறவைக்கலாம்? உளியா, ரம்பமா, எது பாதுகாப்பு? அப்புறம், இதே டிசைனில் ஒற்றை டைல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஓரம் உடைந்திருந்தாலும் சரி, விலை பேசிக்கொள்ளலாம்.